தீயணைக்க வாங்கிய மோட்டார்

போன வாரம் மதகடிப்பட்டு டீக்கடையில் ஒருவர் பேப்பரை உரக்கப் படித்தார். ரஷ்யா அணுகுண்டு விட்டால், வரும் வழியிலேயே ஆகாயத்தில் வைத்து அழிக்க அமெரிக்கா ஏற்பாடு செய்யப் போகிறதாம்.

"தடுக்கறதுதானே, அடிக்கறதா இன்னா? நல்லதுதான்பா" என்றார் கடைக்காரர். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நான் ஆட்டவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் கூலிக்குக் கரும்பு வெட்டி எட்டு காணி நிலம் சேர்த்தவன். இந்த விஷயத்தில் அமெரிக்காவுக்கே நான் பாடம் எடுப்பேன்.

மடுகரையில் என் கரும்பும் அக்கா புருஷன் கரும்பும் அடுத்தடுத்து. நடுவில் ஒரு வரப்பு — அதில் தகராறு. எங்களுக்குள் பேச்சே இல்லை. ஆனாலும் பத்து வருஷம் ஒருவர் பயிரில் ஒருவர் கை வைக்கவில்லை. ஏன்? விளைந்த கரும்புக்கு ஒரு தீக்குச்சி போதும். அவரிடமும் தீப்பெட்டி இருந்தது, என்னிடமும் இருந்தது. அவ்வளவுதான் சமாதானம்! அந்தச் சமாதானத்துக்குள்ளேயே அக்கா இரண்டு வீட்டுக்கும் வந்து போய்க்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. போர்வெல் போட்டேன். ஊரிலேயே முதல் ஆளாகப் பெரிய மோட்டார் வாங்கினேன். கரும்பைச் சுற்றிப் பைப் இழுத்தேன். எவன் தீ வைத்தாலும் நிமிஷத்தில் அணைப்பேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா? திங்கட்கிழமை கரண்ட் கனெக்‌ஷன் வருவதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமா என் கரும்புக்குத் தீ வைத்தார். காற்று திரும்பி அவருடையதும் எரிந்தது. தீக்கு வரப்பு தெரியுமா?

பஞ்சாயத்தில் அவர் மறைக்கவில்லை. "மோட்டாரு ஓட ஆரம்பிச்சிட்டா இவன் என் கரும்ப கொளுத்துவான். நான் திருப்பிக் கொளுத்தினா அணைச்சிக்குவான். அப்புறம் இன்னாத்த காட்டி இவன நிறுத்தறது? அதான், திங்கக்கிழமைக்கு முன்னாடியே வெச்சேன்."

"என் பயிர காப்பாத்தத்தான் வாங்கனேன் மாமா" என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தேன். தீர்ப்பு என் பக்கம்.

அக்கா அதன்பிறகு என் வீட்டுப் படி ஏறவில்லை. அவள் மகள் கல்யாணத்தில் தாய்மாமன் மாலையை வேறு யாரோ போட்டார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து மேளம் கேட்டேன்.

ஒரு கையில் கத்தி வைத்திருப்பவன் மறு கையில் கேடயமும் எடுத்தால், எதிரில் நிற்பவன் எப்படிச் சும்மா இருப்பான்?

அந்தச் சத்தியம் பற்றி ஒன்று... மோட்டாருக்கு விலை பேசும்போதே மாமாவின் கரும்பு ஒருமுறை என் கண்ணுக்குள் எரிந்துதான் போயிற்று.