மேகத்தின் குறுக்கே ஒரு கோடு

குறிப்பெழுதும் செயலி ஒன்றின் உதவி மையத்தில் அவளை எல்லாரும் மேகத்தக்கா என்றே அழைத்தார்கள். பக்கம் திறக்கவில்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, நேற்று எழுதியதை இன்று காணோம் என்று யார் பதறி அழைத்தாலும் அவள் முதற்கண் கேட்பது ஒன்றே.

"மேல வலது பக்கம் சின்னதா ஒரு மேகம் தெரியுதுங்களா? அதுக்குக் குறுக்க கோடு இருக்கா பாருங்க."

கோடு இருந்தால், எழுதியது இன்னும் அந்தக் கருவிக்குள்ளேயே கிடக்கிறது, நிறுவனத்தின் சர்வருக்கு வந்து சேரவில்லை என்று பொருள். கோடு இல்லையேல் கவலையில்லை. கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி நுழைந்தால் பெரும்பாலான நோய்கள் தீர்ந்துவிடும்.

"அக்கா, என் வீட்டுக்காரர் காணாமப் போனாலும் மேகத்தைப் பாருன்னுதான் சொல்வீங்க," என்பாள் பக்கத்து இருக்கைக்காரி.

"அவர் எங்கடி காணாமப் போவார்? சாப்பாட்டு நேரத்துக்கு டாண்ணு வந்து நிப்பார்."

அழைப்பவர் காண்பதைத் தானும் காண்பதற்காக அவள் மேசைமேல் ஒரு பயிற்சிக் கருவி இருந்தது. வெறுங்கணக்கு, அதில் இழப்பதற்கு எதுவுமில்லை. வெளியேறும்போதெல்லாம், 'அனுப்பப்படாத குறிப்புகள் அழிந்துவிடும், தொடரலாமா?' என்று அது எச்சரிக்கும். கண் படித்து முடிக்குமுன் விரல் 'ஆம்' என்பதை அழுத்தியிருக்கும். ஆண்டுக்கணக்கில் அப்படியே பழகிய விரல்.

அவள் கணவர் லாரி ஓட்டியவர். தெருமுனையில் அவர் பேச்சு கேட்டாலே வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கலாம். அந்தக் குரலைத் தொண்டைப் புற்று வேரோடு பறித்துக்கொண்டது. அறுவை முடிந்ததும் ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்து, அதே செயலியில் எழுதிப் பேச அவள் பழக்கினாள். முதல் நாள் அவர் எழுதிக் காட்டியது இது: 'இனி சண்டையில நீதான் ஜெயிப்ப. அனுபவி.' அவள் சிரித்தாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அவர்களுக்கு ஒரே மகள். தான் விரும்பியவனை மணந்து அவள் புறப்பட்ட அன்று, "இனி இந்தப் படி ஏறாத" என்று முழங்கியதே தந்தை அவளிடம் வாயால் பேசிய கடைசிப் பேச்சு. மகளும் ஏறவில்லை, தந்தையும் இறங்கி வரவில்லை.

நோய் திரும்பியபோது அவரை மருத்துவமனையின் கீழ்த்தளத்து வார்டில் கிடத்தினார்கள். அங்கே சிக்னல் எட்டாது. மகள் பார்க்க வருகிறாள் என்று மனைவி சொன்ன பிற்பகலில், அவர் டேப்லெட்டைக் கைகாட்டிக் கேட்டு வாங்கினார். ஒரு முனையில் எழுதி மறுமுனையில் அழிக்கும் அதன் பேனாவால் நெடுநேரம் எழுதினார். அவள் எட்டிப் பார்த்தபோது மார்போடு கவிழ்த்து மறைத்துக்கொண்டார். முடித்தபின் தலைப்பை மட்டும் காட்டினார். 'குட்டிமாவுக்கு' என்றிருந்தது. குட்டிமா வந்து சேருமுன் உயிர் பிரிந்துவிட்டது.

இறுதிக் காரியங்கள் முடிந்து, வந்தவர்கள் கலைந்தபின், மகள் அவர் கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா எழுதினதைக் காட்டும்மா."

மருத்துவமனையிலிருந்து வந்தது முதல் அணைந்தே கிடந்த டேப்லெட்டைத் தாய் இயக்கினாள். தலைப்பு தெரிந்தது. தொட்டால் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்னம்மா இது, திறக்கவே மாட்டேங்குது?"

"இரு கண்ணு, பதறாத. இதெல்லாம் நான் தினம் பாக்கறதுதான்."

மகளின் மூச்சு தோளில் பட்டது. அழுது அழுது மங்கிய கண் எதையும் பார்க்கவில்லை. விரல் தன் வழியே போயிற்று. அமைப்புகள், வெளியேறு, ஒரு கேள்வி, ஆம். கடவுச்சொல்லை இட்டு மீண்டும் நுழைந்தாள். பழைய பக்கங்கள் ஒவ்வொன்றாய் வந்து நிரம்பின. மருந்துக் கணக்கு வந்தது. சண்டையில் நீதான் ஜெயிப்பாய் என்பதும் வந்தது. 'குட்டிமாவுக்கு' மட்டும் வரவில்லை.

மேகத்தைப் பார்க்கவில்லையே என்பது அப்போதுதான் அவள் நெஞ்சில் இடியாய் இறங்கிற்று. அலுவலகத்துத் தோழியை அழைத்தாள்.

"சர்வர்ல எதுவும் வந்து சேரலக்கா. நீங்க... வெளிய வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்டி."

மறுமுனையில் பேச்சில்லை. அந்த மௌனம் அவளுக்குப் பழக்கமானது. எத்தனையோ பேருக்கு அவளே அளித்தது.

"ஊருக்கெல்லாம் சொல்றது உன் வேலைதானேம்மா!" என்று மகள் கத்தினாள். சற்றுப் பொறுத்துக் குரல் தாழ்ந்தது. "மன்னிச்சிட்டார்னு எழுதியிருந்தார்னு சொல்லேன். பொய்யா இருந்தாலும் பரவாயில்ல."

அந்தப் பொய் நாநுனிவரை வந்தது. சொல்லிவிட்டால் பெற்ற பிள்ளை உறங்குவாள். ஆனால் அவர் சொல்லை அழித்த கையே அந்த இடத்தில் தன் சொல்லை எழுதி வைப்பதா?

"எனக்குக் காட்டலம்மா. பேனாவைத் திருப்பித் திருப்பி அழிச்சார், மறுபடி எழுதினார். நான் பார்த்தது அவ்வளவுதான்."

"திட்டறதுக்கு யாராச்சும் அழிச்சு அழிச்சு எழுதுவாங்களா?"

"உங்கப்பா எழுதுவார். திட்டினாலும் திருத்தமாத்தான் திட்டுவார்."

மகளுக்குச் சிரிப்புப் பொங்கியது. பாதியிலேயே அது ஓலமாய் உடைந்தது. அணைக்க நீண்ட தாயின் கையைத் தள்ளிவிட்டு, டேப்லெட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். இல்லாத பக்கத்தைத் தேடி விரல் திரையைத் தட்டும் ஓசை சுவருக்கு அப்பாலிருந்து கேட்டது. அதில் ஒன்றுமில்லை என்று போய்ச் சொல்லத் தாய்க்குக் கால் எழவில்லை.