மாமாவின் பகடை விரதம்

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். தாய்லாந்து எல்லையிலுள்ள சூதாட்ட விடுதிக்குப் போய்ப் பகடை ஆடுவதென்று முடிவு செய்ததும், அதற்குக் காப்புக் கட்டிக்கொண்டார். தீமிதிக்கு இருப்பதுபோலவே விரதம்: மஞ்சள் துணி, ஒருவேளைச் சாப்பாடு, வெறுந்தரையில் படுக்கை. சூதாட்டத்தைத் திட்ட அம்மாவிடம் ஆயிரம் வார்த்தை இருந்தது. விரதத்தைத் திட்ட ஒன்றுகூட இல்லை. முணுமுணுத்துக்கொண்டே அவருக்குத் தனியாகச் சைவம் சமைத்தாள்.

தாமுவே பேட்டையிலிருந்த எங்கள் வீட்டுக் கூடத்தில் தினமும் காலையில் நூறு வீச்சு. இரண்டு பகடையையும் ஒரே மாதிரி பிடித்து, எதிர்ச்சுவரில் பட்டு விழும்படி எறிவார். கூட்டி ஏழு வந்தால் ஆட்டம் போச்சாம். பழகப் பழக ஏழு குறையும் என்று கைபேசி வீடியோவில் யாரோ ஒருவன் அடித்துச் சொல்லியிருந்தான். விழுந்த எண்ணை மாமா உரக்கச் சொல்ல, நான் பள்ளி நோட்டில் எழுதுவேன்.

“நாப்பத்தெட்டாம் நாளு நூறு வீச்சுல ஏழு பத்து தடவைக்குக் கொறஞ்சு விழுந்தா, மாமா பஸ் ஏறிருவேன் பாப்பா.”

எதிர்வீட்டு அண்ணன் அப்படி எல்லைக்குப் போனவர்தான். இரண்டு வருடமாகத் திரும்பவில்லை. என்னைச் சைக்கிளில் பள்ளிக்குக் கொண்டுபோய், நான் தாமதமானதற்கு டீச்சரிடம் கூசாமல் பொய் சொல்ல மாமாவை விட்டால் யார்? அவர் இல்லாத வீட்டை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

தினமும் பதினைந்து, பதினெட்டு என்று விழுந்த ஏழு, கடைசி நாள் பார்த்து மாமா சொன்ன பேச்சைக் கேட்டது. இன்னும் இரண்டே வீச்சு, அதுவரை ஏழு விழுந்தது ஒன்பது தடவைதான். மாமா “ஆறு” என்றார். நான் ஏழு என்று எழுதினேன். “எட்டு” என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் ஏழாக்கினேன்.

மாமா நோட்டை வாங்கி விரலை வைத்து மெதுவாக எண்ணினார்.

“பதினொண்ணு இருக்கே பாப்பா?”

“ஆமா மாமா.” நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“செரி. அம்மன் உத்தரவு குடுக்கல.”

கோயிலுக்குப் போய்க் காப்பை அவிழ்த்துவிட்டு வந்தார். யாரும் கேட்காமலே அம்மா தெருமுனைக்கு ஓடி, மீன்குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸான மொஹிங்காவை வாசம் கமகமக்க வாங்கிவந்தாள். மாமா இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். பகடையை எனக்கு விளையாடக் கொடுத்துவிட்டார்.

மாமாவையே ஏமாற்றிவிட்டேன் என்று வெகுநாள் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆறு என்றும் எட்டு என்றும் தன் வாயால் சொன்னவரே அவர்தான் என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவேயில்லை.