இரண்டு கட்டைக்கும் இரண்டரைக்கும் நடுவில்

தப்பான சுருதி காதில் விழுந்தால் பஞ்சாட்சரத்துக்குக் கை சும்மா இருக்காது. கல்யாண வீட்டில் ஒத்து ஊதுகிறவர் ஒரு மயிரிழை இறங்கிப் போனாலும், பந்தியிலிருந்து எச்சில் கையோடு எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வருவார். ஐயம்பேட்டையில் ஏர் பிடித்த குடும்பம். வயலுக்குப் போகச் சொன்னால் கூத்துக்காரர்கள் பின்னால் போனார். கடைசியில் ஆர்மோனியம் வாசிக்கும் பெட்டிக்காரராகவே ஆகிவிட்டார். கூத்து இல்லாத மாதங்களில் பிள்ளையார்பாளையத்தில் ஓர் ஒற்றை அறையில் உட்கார்ந்து ஆர்மோனியமும் கிராமபோனும் பழுது பார்ப்பார்.

அறுபத்தெட்டாம் வருஷம் பங்குனியில் கம்பவுண்டர் சாமுவேல் தன் கிராமபோனைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஸ்பிரிங் அறுந்திருந்தது. கூடவே ஒரே ஒரு ரிகார்டு. ஆஸ்பத்திரியில் இருந்த இத்தாலி டாக்டரம்மா ஊருக்குத் திரும்பும்போது சாமுவேலின் மனைவி பெரியநாயகிக்குக் கொடுத்துவிட்டுப் போனவை இரண்டும். பெரியநாயகி மாசியில் இறந்துவிட்டாள்.

"இத்தாலிக்காரங்க கூத்துப்பா இது. வசனமே கிடையாதாம், பேசறதும் பாட்டுதானாம்" என்றார் சாமுவேல். "சூதானமா பாரு. அவ கேட்ட பாட்டு."

ஸ்பிரிங்கை மாற்றி, பஞ்சாட்சரம் முள்ளை வைத்தார். ஒரு பெண்ணின் குரல் வந்தது. அவர் ஆர்மோனியத்தில் விரலை வைத்துப் பார்த்தார். இரண்டு கட்டைச் சுருதியிலும் சேரவில்லை, இரண்டரையிலும் சேரவில்லை, நடுவில் தொங்கியது. அரை நிமிஷம் பொறுத்தார். பிறகு வேகத்துக்கான திருகைத் திருப்பினார். குரல் ஏறிக்கொண்டே போய், நாலு கட்டையில் பளிச்சென்று உட்கார்ந்தது. பக்கவாத்தியங்கள் எல்லாம் துலங்கின. நம் பாட்டு மாதிரி ஒரே இடத்தில் நிற்காமல் அது நடுவில் வேறு சுருதிக்குக் குடிபோனதையும், போன இடத்திலும் பிசகாததையும் கேட்டு, "அடி சக்கை!" என்று தொடையில் தட்டிக்கொண்டார்.

கிராமபோனை வாங்கிப் போய்க் கேட்ட சாமுவேல் மறுநாளே திரும்பி வந்து வாசலில் நின்றார்.

"இன்னாப்பா பண்ண நீ?"

"வேகம் தப்பா இருந்துதுண்ணே. சரி பண்ணிட்டேன்."

"உன்னை யாரு சரி பண்ணச் சொன்னது?"

"இத்தினி நாளா தப்பா கேட்டுக்கினு இருந்தீங்க. இப்ப சுத்தமா நாலு கட்டையில நிக்குது."

"உன் கட்டையை நீயே வெச்சிக்க. இதுல எவளோ எவனையோ அதட்டறா. என் வூட்ல கேட்டது அந்தக் கொரல் இல்ல. அது, கிளம்பறவனைப் பாத்து இன்னும் கொஞ்சம் இருந்துட்டுப் போயேன்னு கெஞ்சும். பெரியநாயகி கேட்டது அதுதான்."

பஞ்சாட்சரம் அவர் வீட்டுக்குப் போய்த் திருகைப் பின்னால் திருப்பினார். "இன்னும்... இல்ல, தாண்டிட்டே... கொஞ்சம் ஏத்து." பத்துத் தடவை ஆயிற்று. பத்தாவது தடவை சாமுவேல் பெட்டியின் மேல் கையை வைத்து மூடினார்.

"போதும்பா. ஒவ்வொரு தபா மாத்தும்போதும் பழசு காதுல அழிஞ்சிக்கினே போவுது. இப்படியே போனா எனக்கும் மறந்துடும்."

அதற்குப் பிறகு பஞ்சாட்சரம் ஓர் இடத்தில் உட்காரவில்லை. பழைய வேகத்தில் அந்தப் பாட்டை அவரும் அரை நிமிஷம் கேட்டிருக்கிறார். எந்த ஊரில் யார் எந்தச் சுருதியில் பாடினார்கள் என்று இருபது வருஷத்துக் கணக்கு அவர் தலையில் உண்டு. ஆனால் அந்த அரை நிமிஷத்தைத் தப்பு என்று காது வெளியே தள்ளிவிட்டது. எவ்வளவு தேடினாலும், நடுவில் எங்கோ என்பது மட்டும்தான் நினைவுக்கு வந்தது. பஸ்ஸில் ஏறினால் ஐயம்பேட்டையைத் தாண்டிப் போய் இறங்கினார். மனைவி பட்டம்மாள், "சோத்தைப் பாத்து இன்னாத்துக்கு விரலால தட்டுறே, அது இன்னா பொட்டியா?" என்று கேட்டாள்.

நாலாம் நாள் நேராக சாமுவேலிடம் போனார்.

"பாட்டு ஓடறப்ப அக்கா இன்னா பண்ணுவாங்க?"

"இன்னா பண்ணுவா? தார் சுத்துவா. பக்கத்து வூட்டு செல்லியும் எதிர்ல உக்காந்து சுத்துவா."

தறிக்குப் போகும் ஊடைப் பட்டைக் குச்சியில் சுற்றுகிற வேலை அது. செல்லியம்மாள் இன்னும் அதே ராட்டையில்தான் சுற்றிக்கொண்டிருந்தாள். பஞ்சாட்சரம் அவள் வீட்டுக்குப் போய் எதிரில் உட்கார்ந்ததும் ராட்டை தடுமாறியது.

"பொட்டிக்காரரே, பொண்ணு பாக்க வந்த மாதிரி குந்திக்கினு மொறைச்சா கை எப்படிப்பா வரும்? அந்தாண்ட திரும்பு."

திரும்பிக்கொண்டார். "பெரியநாயகி அக்கா எப்படிச் சுத்துவாங்க?"

"அவளா? பாட்டுல ஒரு எடத்துல கம்பியைச் சுண்டிக்கினே போவான் பாரு, டொக்கு டொக்குன்னு, அதுக்கு ஒரு சுத்து. வேகமா சுத்துனா 'எங்கடி ஓடறே'ன்னு என் மணிக்கட்டுல அடிப்பா. எட்டு வருசம் அடி வாங்கியிருக்கேன். இப்பவும் தனியா சுத்தினா அதே நடைதான் வருது. பாவி."

பேச்சு நீண்டது. ராட்டை பேச்சை மறந்து தன் நடைக்கு வந்தது. பஞ்சாட்சரம் அதைத் தன் வலது காலில் வாங்கினார். கால் நிற்கக்கூடாது. தட்டிக்கொண்டே எழுந்து, தட்டு விடாமல் நடந்து அடுத்திருந்த சாமுவேல் வீட்டுக்குள் போனார்.

"அண்ணே, நீங்க தெருவுக்குப் போங்க. கூப்பிடற வரைக்கும் காதுல வாங்காதீங்க."

முள்ளை வைத்தார். பாட்டு இஷ்டத்துக்கு இழுத்தது, நின்றது, ஓடியது. கால் தன் பாட்டுக்குத் தட்டியது. கம்பியைச் சுண்டும் இடம் வந்ததும் திருகைத் தொட்டார். சுண்டல் காலுக்கு முன்னால் ஓடியது, குறைத்தார், பின்தங்கியது, மயிரளவு ஏற்றினார். இரண்டும் சேர்ந்து நடந்தன.

சாமுவேலைக் கூப்பிட்டு, முதலிலிருந்து வைத்தார். சாமுவேல் உட்காரவில்லை. சுவரைப் பார்த்து நின்றார். ரிகார்டு முடிந்து முள் வெறுமனே தேய்கிற சத்தம் கேட்டபோதும் அப்படியே நின்றார். வாசலில் வந்து நின்ற செல்லியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இதுதான்பா" என்றார் சாமுவேல். பிறகு திரும்பினார். "உன் காதுக்கு? சரியா இருக்குதா?"

பஞ்சாட்சரத்தின் விரல்கள் திருகுக்குப் பக்கத்திலேயே நின்றன. ரிகார்டின் ஒரு பக்கம் முழுக்க அவர் பல்லைக் கடித்துக் கேட்டிருந்தார்.

"சரியா இருக்குதுண்ணே."

சுருதியைப் பற்றி அவர் அதுவரை யாரிடமும் பொய் சொன்னதில்லை. கொஞ்சம் அரக்கு கேட்டு வாங்கி, விளக்கில் உருக்கித் திருகின் தலையில் சொட்டினார். இறுகுகிற வரை ஊதினார்.

"இனிமே இதைத் திருப்ப எவனையும் விடாதீங்க" என்றார். "நானே வந்து கேட்டாலும்."