அம்மை போட்ட வீட்டில் பஃபர் குஞ்சுகள்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா சொன்னவன் நான். அதுவரை பக்கம் பக்கமாக எழுதியதெல்லாம் இம்போசிஷன்தான். தவிர, இந்தக் கதையில் என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒரு வரிகூடத் தேறாது. ஆனால் போன வாரம் என் லோடு ஆட்டோவில் கண்ணாடித் தொட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு வளர்ப்பு மீன் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நாலு பஃபர் மீன்கள் இருந்தன. பட்டாணி அளவு உடம்பு, அதில் கறுப்புப் புள்ளிகள். ஒரு கண்ணால் என்னையும் இன்னொரு கண்ணால் கடைக்காரரையும் பார்த்தன. தொட்டிகளை இறக்கி முடித்ததும் டீ சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். நிற்காமல் வண்டியை எடுத்துவிட்டேன்.

எனக்குப் பன்னிரண்டு வயசாக இருந்தபோது நாங்கள் செல்லூரில் குடியிருந்தோம். சந்து முழுக்கப் பவர்லூம். தறி ஓட ஆரம்பித்தால் சுவரில் மாட்டிய காலண்டர் தானாக ஆடும். ரகசியம் பேசுவதானாலும் கத்தித்தான் பேச வேண்டும். அப்பா பக்கத்துப் பட்டறையில் தறி ஓட்டினார். அம்மாவின் தம்பியான என் மாமாவும் எங்களோடு இருந்துகொண்டு அதே பட்டறைக்குப் போனார். உடம்புதான் அங்கே போகும். மனசு எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருந்த இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் கிடக்கும். தறியின் அதிர்வு தண்ணீருக்குப் போகக் கூடாதென்று பழைய டயரை வெட்டித் தொட்டிக்கு அடியில் மெத்தை மாதிரி போட்டிருந்தார். அவர் தலைக்கு ஒழுங்கான தலையணை கிடையாது.

தொட்டியில் இருந்தது ஒரு ஜோடி பஃபர். கேரளத்து ஆற்று மீன். சோறு, பொரி, பாக்கெட் தீனி எதையும் தொடாது. உயிரோடு அசைகிற சாப்பாடுதான் வேண்டும். அதற்காக மாமா கண்மாய்க் கரையில் குட்டி நத்தைகளைப் பொறுக்கிவந்து வாளியில் வளர்த்தார். கொசுப்புழுவுக்கென்று ஒரு பானையும் வைத்திருந்தார். டெங்குவுக்காகத் தண்ணீர்த் தொட்டியைச் சோதிக்க ஆட்கள் வந்தால் அந்தப் பானையைச் சேலைக்கடியில் மறைத்துக்கொண்டு உட்காருவது அம்மாவின் வேலை. நான் குச்சியை விட்டு மீனைச் சீண்டுவேன். அது பந்து மாதிரி உப்பும். சந்துப் பையன்களைக் கூட்டிவந்து காட்டுவேன். மாமா குச்சியைப் பிடுங்கி எறிவார்.

"அது வெளையாட்டுக்கு உப்பலடா மாப்ள. பயத்துல உப்புது."

அப்பாவுக்கு இதெல்லாம் கேலி. "உன் தம்பிக்குப் பொண்ணு பாக்கப் போனா, மாப்பிள்ளை என்ன செய்றாருன்னு கேப்பாங்க. நத்தை பொறுக்குறாருன்னு சொல்லவா?" என்று அம்மாவிடம் கேட்பார்.

மாமாவிடம் அதற்கு ஒரு பதில் தயாராகிக்கொண்டிருந்தது. டவுனில் வளர்ப்பு மீன் கடை வைத்திருந்த ஒருவர், "வீட்டுத் தொட்டியில இது குஞ்சு பொரிச்சு நான் பார்த்ததில்லண்ணே. நீங்க பொரிக்க வச்சு, பத்துக் குஞ்சையாவது வளத்துக் கொண்டாங்க. என் கடை மாடியை மீன் வளக்க அப்படியே உங்க கையில விட்டுர்றேன்" என்று சொல்லியிருந்தார். மாமாவுக்கு வேறெதுவும் வேண்டியதில்லை. தறிச் சத்தத்திலிருந்து எழுந்து போய்த் தண்ணீர்ச் சத்தத்தில் உட்கார வேண்டும்.

ஏழு மாதம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் விடியற்காலையில் என்னை எழுப்பித் தொட்டியிலிருந்த பாசிக்கொத்தைக் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டார்ச் அடித்தபிறகு, ரவையை விடச் சின்னதாக, கண்ணாடி மாதிரி முட்டைகள். பெரிய மீன்கள் தின்றுவிடுமென்று அவற்றை இங்க் பில்லரால் ஒவ்வொன்றாக உறிஞ்சி ஐஸ்கிரீம் டப்பாவுக்கு மாற்றினார். அந்த வேலை முடியும்வரை அவர் மூச்சுவிட்டதாக எனக்கு நினைவில்லை. ஒரு வாரத்தில் முப்பத்துச் சொச்சம் குஞ்சுகள் வந்தன. உடம்பே தெரியாது. ரெண்டு ரெண்டு கண்களாக நீந்தின.

"வயித்தோட கொண்டாந்த சத்து ரெண்டு மூணு நாளைக்கு வரும். அப்புறம் நாமதான் குடுக்கணும்" என்றார். அதற்காக உப்புத்தண்ணீர் பாட்டில் ஒன்றில் பொடிப் பொடியான இறால் முட்டைகளைப் பொரிக்கப் போட்டார். நாள் கணக்கெல்லாம் சரியாக இருந்தது. அவர் கணக்கில் சேர்க்காத ஒரே ஆள் நான்.

அது ஏழாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுச் சமயம். கணக்குப் பரீட்சைக்கு நான் படித்திருந்தது என் பெயரும் பதிவெண்ணும்தான். காலாண்டில் மார்க்கைப் பார்த்துவிட்டு அப்பா தறி வாரைக் கழற்றி விளாசியபோது குறுக்கே வந்த மாமாவின் முழங்கையிலும் ஒரு அடி விழுந்திருந்தது. இந்தத் தடவை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மழை விட்ட நேரம். பின்பக்க முருங்கை மரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி. எங்கள் சந்தில் ரெண்டு வீட்டில் ஏற்கெனவே அம்மை போட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. ரெண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கணக்கில் வராத மூளை இதில் நன்றாக வந்தது. பூச்சியைக் குச்சியால் எடுத்துக் கழுத்திலும் கையிலும் நெஞ்சிலும் நடக்கவிட்டேன். அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பியது.

நான் பொய் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. அம்மா என்னைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வாசலில் வேப்பிலை ஏறியது. எனக்கு வேப்பிலைப் படுக்கை, இளநீர், மோர்ச்சோறு. பள்ளிக்கூடம் கிடையாது. அம்மை போட்ட உடம்பில் ஆத்தா இருக்கிறாள் என்பதால் யாரும் கை வைக்க முடியாது. அப்பா பட்டறைக்குப் போகும்முன் என் பாய்க்குப் பக்கத்தில் வந்து, "தாயே, பிள்ளையைப் பாத்துக்க" என்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கினேன்.

அன்று சாயங்காலம் அம்மா மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தலைக்கு மூணு தண்ணி ஊத்தி முடியிற வரைக்கும் இந்த வீட்டுல ஒரு உசுரு சாகக் கூடாது. நத்தை, புழு ஒண்ணும் கூடாது."

"அக்கா, அது திங்கிறதே உசுரைத்தான். கீரையா ஆஞ்சு போட முடியும்?"

"பத்து நாளு பட்டினி கெடந்தா செத்தா போகும்?"

"பெருசு கெடக்கும்க்கா. குஞ்சு கெடக்காது."

"எம் பிள்ளை கெடப்பானா?"

டப்பாவை வெளியே கொண்டுபோகவும் வழியில்லை. அம்மை போட்ட வீட்டிலிருந்து ஒரு பொருள் வாசல் தாண்டக் கூடாது. மாமா மீன் கடைக்காரருக்குப் போன் போட்டு, பின்பக்கமாக வந்து வாங்கிப் போகக் கேட்டார். அவரும் வேப்பிலை கட்டிய வீட்டுக்கு வரத் தயங்கினார். மறுநாள் மாமா அந்த உப்புத்தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒளித்துவைத்ததை அம்மா பார்த்துவிட்டார். கத்தவில்லை. பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தார். உள்ளே போய்ச் சூடத்தை ஏற்றிக் கொண்டுவந்து மாமாவின் முன்னால் வைத்தார். மாமா கையால் அதை அணைத்துச் சத்தியம் செய்தார். பாயில் படுத்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் என் தடிப்புகள் அமுங்க ஆரம்பித்தன. இது நடக்குமென்று தெரிந்துதான் ஒரு கம்பளிப்பூச்சியைத் தீப்பெட்டியில் போட்டுத் தலைமாட்டில் வைத்திருந்தேன். அம்மா வேப்பிலை பறிக்கப் போனபோது மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வேப்பிலையைச் சரிசெய்யக் கை வைத்தவர் விரலில் தீப்பெட்டி தட்டுப்பட்டது. திறந்தார். உள்ளே முருங்கை இலைமேல் பூச்சி சுகமாக இருந்தது.

ஒரு விரலால் இலையை விலக்கிப் பார்த்தார்.

"நீயும் ஒண்ணு வளக்குறியா?" என்றார். "இதுக்கு மட்டும் வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டுருக்க."

"அம்மாட்ட சொல்லிறாதீங்க மாமா. அப்பா கொன்னே போடுவாரு."

"நான் சொல்லல. நீ சொல்லு. மச்சான் கை ஓங்குனா குறுக்க நான் நிக்கிறேன். போன தடவை நிக்கலையா?"

"நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்குன்னா அதுல பாதி இருக்காது மாப்ள."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவர் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பூச்சியை நசுக்கவில்லை. சத்தியம் செய்திருந்தாரே. முருங்கை மரத்தில் ஏற்றிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு தினமும் பட்டறையிலிருந்து வந்ததும் கால் கழுவிவிட்டு என் பாயருகே உட்காருவார். "அக்காட்ட ஏதாச்சும் சொல்லணுமா மாப்ள?" என்று கேட்பார். "ஒண்ணுமில்ல மாமா" என்பேன். எழுந்து மாடிப்படிக்கு அடியில் போவார். பில்லரால் எதையோ உறிஞ்சி ஒரு தாளில் வைப்பார். முதல் நாள் அது நிறைய நேரம் நடந்தது. நாளாக ஆகச் சீக்கிரம் முடிந்தது.

தடிப்பு மறைந்ததைப் பார்த்து ஆத்தா குளிர்ந்துவிட்டாள் என்று அம்மாவுக்குச் சந்தோஷம். ஆனால் விரதத்தைக் குறைக்கவில்லை. பகலெல்லாம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வேப்பிலையால் தடவிக்கொடுத்தார். அதற்குமுன் அம்மா அம்புட்டு நேரம் என்னோடு உட்கார்ந்ததில்லை. சொல்லிவிட்டால் அதுவும் போய்விடும் என்றும் ஒரு பயம் இருந்தது. இதை நியாயமாகச் சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன்.

ஆறாம் நாள் மாமா என்னை எழுந்து வரச்சொன்னார். டப்பாவுக்குள் டார்ச் அடித்தார். ஒன்றே ஒன்று இருந்தது. மற்றதை விடக் கொஞ்சம் பெரிசு. முதுகில் புள்ளிகூட லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. அடியில் உட்கார்ந்துகொண்டு கண்ணை மட்டும் எங்கள் பக்கம் திருப்பியது.

"இது ஒண்ணு நிக்கிது. இன்னைக்குக் குடுத்தாப் பொழைச்சுக்கும்" என்றார் மாமா. அவர் குரல் என்னிடம் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. பெரிய மனுஷர் ஒருவர் என்னிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என்ன செய்வதென்று தெரியாதபோது நான் எப்போதும் செய்வதைச் செய்தேன்.

"ஒடம்பெல்லாம் புள்ளியா இருக்கு மாமா. இதுக்கும் ஆத்தா வந்துட்டா போல" என்றேன்.

மாமா டார்ச்சை அணைத்தார்.

அந்த நேரம் அம்மா, "சாமி, எந்திரிச்சு ஏன் போன?" என்று கேட்டபடி இளநீரோடு வந்தார். உண்மை என் வாய்வரைக்கும் வந்தது. மாமாவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இளநீரை வாங்கிக் குடித்தேன். வழுக்கையையும் சுரண்டித் தின்றேன்.

மறுநாள் காலையில் ஐஸ்கிரீம் டப்பா கழுவிக் கவிழ்த்திருந்தது.

மூன்றாம் தண்ணீர் ஊற்றுவதற்குள் பெரிய மீன்களில் ஆணும் போய்விட்டது. பெண் மீன் வயிறு ஒட்டிப்போய் ஒரு மூலையிலேயே நின்றது. தண்ணீர் ஊற்றி முடிந்ததும் அதை மாமா மீன் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டார். அவர் இன்னொரு ஜோடி தருவதாகச் சொல்லியும் வாங்கிக்கொள்ளவில்லை. பொங்கல் முடிந்ததும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். அங்கேயும் மெஷின் சத்தம்தான். இன்றுவரை அங்கேதான் இருக்கிறார். கொடுமை என்னவென்றால், எட்டாவது வரைக்கும் எல்லோரும் பாஸ் என்று அப்போது சட்டம். நான் வெள்ளைத்தாளை மடித்துக் கொடுத்திருந்தாலும் எட்டாம் வகுப்புக்குப் போயிருப்பேன்.

மாமா ஏன் சொல்லவில்லை என்று அப்போதும் யோசித்தேன். அக்காவுக்குப் பயந்த ஆள் என்று முடிவு கட்டினேன். மீனுக்காக ஆத்தாவையே பொய்யாக்குகிறான் என்று பழி வருமே என்று வாயை மூடிக்கொண்டார் என நினைத்தேன். அவரை ஜெயித்துவிட்டதாகக்கூடக் கொஞ்ச நாள் உள்ளுக்குள் ஒரு மிதப்பு இருந்தது. அவர் தீப்பெட்டியை அம்மாவிடம் நீட்டியிருந்தால் அன்றைக்கே குஞ்சுகள் தின்றிருக்கும், மாமா இப்போது ஒரு மாடியில் தொட்டிகளுக்கு நடுவில் இருந்திருப்பார். அது அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் தினமும் கால் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பையன் தானாக வாயைத் திறந்துவிடுவான் என்று நம்பி, ஏழு மாதம் காத்திருந்து கிடைத்ததை அவர் ஒவ்வொரு நாளாக விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். என்மேல் ஒருத்தர் அம்புட்டு நம்பிக்கை வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

இவ்வளவையும் போனிலேயே எழுதி, என்னோடு லோடு ஆட்டோ ஓட்டும் நண்பனுக்கு அனுப்பினேன். எதை அனுப்பினாலும் கேலி செய்கிறவன். ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது.

"திருப்பூருக்கு அனுப்பாம எனக்கு எதுக்கு மாப்ள அனுப்பியிருக்க?"