செத்தவீட்டுப் படத்துக்குச் சிரித்தவள்

எனக்கு இங்கிலிஷ் வாசிக்க வராது. தமிழையே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் இந்த இங்கிலாந்துக்காரர் எடுக்கிற, கள்ளர் வந்து சிரிப்புக் காட்டுகிற பகிடிப் படங்களைப் பற்றி என்னிடம் கேளுங்கள், ஆறுதலாக இருந்து சொல்லுவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு தின்று முடிந்ததும் என் மனுசன் ஒன்று போடுவார். இரண்டு பேரும் சோபாவில் இருந்து பார்ப்போம்.

அந்தப் படங்களுக்கு ஒரு குணம் உண்டு. ஒருவன் துவக்கை நெற்றியில் வைத்துக்கொண்டே 'சொறி' என்று மன்னிப்புக் கேட்பான். தேத்தண்ணீர் சரியாகப் போடவில்லை என்று பெரிய கள்ளன் சின்னக் கள்ளனைப் பேசுவான். மூச்சு விடாத பேச்சு. ஒரே களவை முதலில் ஒருவன் கண்ணாலும் பிறகு இன்னொருவன் கண்ணாலும் காட்டுவார்கள். ஒவ்வொருவனும் தான்தான் கெட்டிக்காரன் என்று நினைப்பான். கடைசியில் அவனவன் ஆசையே அவனைக் குப்புற விழுத்தும். யாரும் புத்தி சொல்ல வரமாட்டார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. அதில் வருவது அரண்மனை லண்டனும் இல்லை. கராஜ், சந்தையின் பின்பக்கம், குப்பை வாளி நிற்கிற ஒழுங்கை. நான் கூட்டித் துடைத்த லண்டன்.

அவர் செத்துப்போய் ஐந்தாம் மாதம், ஒரு புதன்கிழமை, அப்படி ஒரு படம் பார்க்க நான் தனியே தியேட்டருக்குப் போனேன். கள்ளர் ஒரு வைரத்தைச் சவப்பெட்டிக்குள் ஒளித்துவிடுகிறார்கள். பெட்டி மாறிப்போகிறது. வைரத்தை எடுக்க வழி தேடி, முன்பின் அறியாத ஒருவரின் செத்தவீட்டில் போய் நின்று அழுகிறார்கள். ஒருவன் எழும்பி, செத்தவரின் குணநலம் பற்றிப் பேசவும் தொடங்கிவிட்டான்.

எனக்கு அடக்க முடியவில்லை. ஏனென்றால் என் மனுசனின் செத்தவீட்டிலும் அதுவே நடந்தது. எரிக்கிற மண்டபத்தில் ஒரு செத்தவீடு முடிய அடுத்தது. எங்கள் ஆட்களுக்கு மைக்கைக் கண்டால் பேசாமல் இருக்க முடியாது. முன்பின் தெரியாத ஒரு கோட்டுக்காரர் மைக்கைப் பிடித்து, "இவர்தான் எனக்குச் சங்கீதம் சொல்லித்தந்த குரு" என்று விம்மினார். என்னுடைய மனுசன் தேவாரம் பாடினாலே பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். அந்த மனிதர் வரவேண்டியது அடுத்த செத்தவீட்டுக்கு. இடையில் நிறுத்துவது மரியாதை இல்லையென்று முழுவதையும் கேட்டுக்கொண்டு இருந்தோம். மச்சாள், என் மனுசனின் தங்கச்சி, அந்த மனிதருக்குத் தண்ணீரும் கொடுத்தா. அன்றைக்கு உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்த சிரிப்பெல்லாம் தியேட்டரில் வெளியே வந்தது. கண்ணீர் வரச் சிரித்தேன்.

தெரிந்த யாரோ கண்டிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மச்சாள் மோர்டனில் இருந்து வந்து, கோட்டையும் கழற்றாமல் நின்றா.

"என்ன மச்சாள் இது? அண்ணை செத்து ஒரு வருசம் முடியேல்லை, ஆட்டைத்திவசம் இன்னும் வரேல்லை. அதுக்குள்ள படமோ? அதிலயும் கெக்கட்டமிட்டுச் சிரிச்சனீங்களாம். டூட்டிங் மரக்கறிக் கடையடியில இதுதான் கதை."

"ஓம், சிரிச்சனான். கடைச்சனத்துக்கு வேற கதை இல்லையோ?"

"ஒரு வருசம் அடங்கி இருக்க ஏலாதோ உங்களுக்கு?"

"நாப்பத்தாறு வருசம் அவரோட சிரிச்சுப்போட்டு இப்ப ஏன் அடங்கோணும்?"

"அண்ணை இருந்து கேட்டால் என்ன சொல்லுவார்?"

"எனக்கேன் டிக்கெட் எடுக்கேல்லை எண்டு கேப்பார்."

மச்சாளின் வாய் ஒரு பக்கம் கோணியது. சிரிக்கப்போகிறா என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"இனிப் போனியள் எண்டால், திவசத்துக்குச் சமைக்க நான் வரமாட்டன்."

அது எனக்குச் சுட்டது. அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு அவவின் கைக்குத்தான் வரும். இருந்தும் சொன்னேன்: "வராட்டி இருங்கோ. நான் வைக்கிறன். படைக்கிறது அவருக்கு, மரக்கறிக் கடைக்கில்லை."

கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனா. நான் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், அதையும் மறைக்கவில்லை. அடுத்த புதன்கிழமை நல்ல சேலை உடுத்து, அந்தக் கடையடியில் நின்றவர்களிடம் நானே போனேன்.

"படத்துக்குப் போறன். ஆரும் வாறியளோ?"

வெண்டிக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டு நின்ற ஒருத்தி மெல்லக் கேட்டா, "பகிடிப் படமோ அக்கா?"

"ஓம், செத்தவீட்டுப் பகிடி."

அவ வெண்டிக்காயை வாங்காமல் கடைக் கூடைக்குள் திரும்பப் போட்டுவிட்டு, பஸ் வரும் பக்கம் பார்த்தா. பஸ் வந்தது. நான் அவவுக்காகக் காத்து நிற்கவில்லை, ஏறிவிட்டேன்.