இரண்டு பங்கும் கட்டிய சுகந்தி

மில்பிடாஸ் கிளினிக்கில் சுகந்தி போகவேண்டிய வேலைக்கு நான் போகமுடியுமா என்று, எங்களை அனுப்பும் ஏஜென்சியிலிருந்து போனில் கேட்டார்கள். அவளுக்கு என்ன என்றேன். காலையில் மாரடைப்பில் போய்விட்டாள் என்றார்கள். காரிலேயே உட்கார்ந்து அழுதேன்.

சுகந்தி யாழ்ப்பாணத்துக்காரி. இங்கே அமெரிக்காவில், மருத்துவமனைகளில் டாக்டர் சொல்வதைத் தமிழ் நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பதுதான் எங்கள் இருவருக்கும் தொழில். அவளுக்குக் கணவர் இல்லை; ஒரே மகள் மாயா ஹைஸ்கூலில் படிக்கிறாள். நாங்கள் ஏஜென்சியின் ஊழியர்கள் அல்ல, கான்ட்ராக்டர்கள். ஏஜென்சி தரும் செக்கில் வரிப் பிடித்தமே இல்லை என்று முதல் வருடம் சந்தோஷத்தில் குதித்தோம். வருடக் கடைசியில் வரிக்கணக்கு முடிக்கும்போது வருமான வரிக்கு மேல் சுயதொழில் வரி என்று இன்னொன்று வந்து நின்றது. நான் திட்டித் தீர்த்தேன். அவள், "ஏன் எண்டு கேப்பம்" என்றாள்.

வரிக்கணக்கு பார்ப்பவரை அவள் லேசில் விடவில்லை. சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்துக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவத்துக்கும் சம்பளக்காரர் பாதி கட்டினால், கம்பெனி மறுபாதியைக் கட்டுமாம். அது யார் கண்ணிலும் படுவதில்லை. "முதலாளியும் நான், வேலைக்காரியும் நான். அப்ப மற்றப் பாதியை ஆர் கட்டுறது?" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள், பதவி உயர்வு கிடைத்த மாதிரி.

ஒரு வருடம் வாடகை ஏறிப்போய்த் திண்டாடினாள். பெட்ரோல், போன் என்று செலவைக் கூட்டி எழுதினால் லாபமே இருக்காது, வரியும் வராது என்று தெரிந்தவர் ஒருவர் யோசனை சொன்னார். ஆசைதான் அவளுக்கும். ஆனாலும், அப்படி எழுதினால் அந்த வருடம் தான் உழைத்ததாக சோஷியல் செக்யூரிட்டி கணக்கில் ஏறுமா என்று விசாரித்தாள். ஏறாது என்றார்கள். என்னிடம் கைமாற்று வாங்கி வாடகையைக் கொடுத்துவிட்டு, வரியை முழுசாகக் கட்டினாள். பிழைக்கத் தெரியாதவள் என்று சலித்துக்கொண்டேன்.

காரியங்கள் முடிந்தபின் மாயாவையும் அவள் சித்தியையும் சான் ஹோசேயில் சோஷியல் செக்யூரிட்டி ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். மாயா இனி சித்தி வீட்டில்தான்; அங்கே ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். இவளையும் எப்படிச் சமாளிப்பது என்பதுதான் அவர் கவலை. சுகந்தி உழைத்த வருடங்கள் எல்லாம் பதிவாகியிருப்பதால், பள்ளிப்படிப்பு முடியும்வரை மகளுக்கு மாதாமாதம் பணம் வரும் என்றார் அங்கிருந்த பெண் அதிகாரி. அதைச் சித்திக்குத் தமிழில் சொன்னேன்.

வெளியே வந்ததும் மாயா ஆங்கிலத்தில், அரசாங்கம் பாவப்பட்டுக் கொடுக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இல்ல கண்ணு. இது உங்கம்மா சம்பாதிச்சது" என்றேன்.

பிழைக்கத் தெரியாதவள் என்று சலித்துக்கொண்ட என் வாயாலேயே அதை அவளிடம் சொல்ல வாய்த்ததே, சுகந்தி எனக்கு விட்டுப்போனது.