படகுக்குத் தண்ணி காட்டிய ஞாயிற்றுக்கிழமை

அன்றைக்குப் பிச்சாட்டூர் ஏரிக்கரையில் இருந்தவர்கள் ஆறு பேர். என் அக்கா. அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மாமா, படகு அவருடையது. நாராயணவனத்திலிருந்து பூஜைக்கு வந்த ஐயர். படகை டிரெய்லரோடு இழுத்துவந்த வடமாலபேட்டை டிராக்டர்காரர். ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்தவர். ஆறாவது ஆள் நான். பிற்பாடு ஐம்பது பேர் தாங்களும் அங்கே இருந்ததாகவும், அப்போதே எச்சரித்ததாகவும் பேசிக்கொண்டார்கள். அப்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆறு பேரும் கும்பிட்டுக்கொண்டு நின்றோம்.

மாமா குவைத்தில் ஒன்பது வருடம் ஒரு அரபி வீட்டு டிரைவர். அந்த அரபிக்கு மூன்று வேகப்படகுகள். வெள்ளிக்கிழமை தோறும் அவற்றைக் காரில் கட்டிக் கடற்கரைக்கு இழுத்துப்போவதும், சாயங்காலம் இழுத்துவருவதும் மாமாவின் வேலை. ஒரு நாளும் ஏறியதில்லை. கரையில் நின்று பார்த்தே ஒன்பது வருடம் போயிருக்கிறது. லீவில் வந்தவர், கடலோரத்தில் மூடிக்கிடந்த ஒரு ரிசார்ட்டிலிருந்து சிவப்புப் படகு ஒன்றை இரண்டு லட்சத்து எண்பதாயிரத்துக்கு வாங்கிவிட்டார். ஆறு சீட், தொண்ணூறு குதிரை எஞ்சின். வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்து, சென்னைக்காரர்கள் புதுக் கார்களில் திருப்பதிக்கு வரத் தொடங்கியிருந்த காலம் அது. சாமி பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஏரியில் ஒரு சுற்று, ஆளுக்கு ஐம்பது ரூபாய் என்பது மாமாவின் கணக்கு.

படகு ஓடினால் மாமா இங்கேயே இருந்துவிடுவார். ஓடாவிட்டால் திரும்பிப் போக வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் குவைத் விசா செத்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் பதினோரு நாள் பாக்கி இருந்தது. அக்கா 'போகாதே' என்று வாய் திறந்து சொல்லவில்லை. மாமாவின் பெரிய குவைத் பெட்டியைக் காலி செய்து, அதில் விதை வேர்க்கடலையைக் கொட்டி மூடிவைத்தாள். அவ்வளவுதான் அவள் சொன்னது.

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. புத்தூரில் போர்வெல் மோட்டார்களுக்கு ரீவைண்டிங் செய்யும் கடை வைத்திருந்தேன். எதற்கும் பயப்படுகிற ஆள். பஸ்ஸில் ஏறினால் எமர்ஜென்சி கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். படகு வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. படகை விற்றுக்கொடுத்த காசிமேட்டு மெக்கானிக்குக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து மூன்று தடவை போன் போட்டு, அவர் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதினேன். பெட்ரோலில் ஆயில் கலக்கும் அளவு. பின்னால் அடியில் இருக்கும் தக்கையை மறக்காமல் முடுக்குவது. சிவப்புச் சுருள் கயிற்றை ஓட்டுகிறவர் கையில் மாட்டிக்கொள்வது, ஏனென்றால் ஆள் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் தானாக நிற்கும். முழு வேகத்தில் ஒடித்துத் திருப்பக்கூடாது. வேகத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென்று நின்றால் நாம் கிளப்பின அலையே பின்னால் வந்து நம் மேல் ஏறும்.

மூன்றாவது போனில், வைக்கப்போகும் நேரத்தில் அவர் சொன்னார்: "ஸ்டார்ட் போடறதுக்கு முன்னாடி தண்ணி காட்டிடு நைனா. மறந்துடாத."

பூத் மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. எப்படி என்று கேட்டிருந்தால் இன்னும் நாலு ரூபாய் ஆகியிருக்கும். கேட்கவில்லை. பதினோராவது வரியாக 'தண்ணி காட்டணும்' என்று எழுதிக் கீழே கோடு போட்டேன்.

ஞாயிறு நாலரைக்கு ராகு காலம். நாங்கள் போய்ச் சேர்ந்ததே நாலு மணிக்கு. தண்ணீர் உள்வாங்கியிருந்ததால் சேற்றுக்குப் பயந்து டிராக்டர் இருநூறு அடி முன்னாலேயே நின்றுவிட்டது. டிரெய்லர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, தேங்காய் உடைத்தாயிற்று, எஞ்சினுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. நான் நோட்டைப் பிரித்து வரிசையாக வாசித்தேன்.

"தண்ணி காட்டணுமாம், சாமி."

"அதுக்கென்ன, காட்டிட்டாப் போச்சு" என்றார் ஐயர். கலசச் சொம்பை எடுத்து எஞ்சினுக்கு முன்னால் மூன்று சுற்றுச் சுற்றி, மாவிலையால் தெளித்தார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

மீன்குத்தகைக்காரர் பீடியை எறிந்துவிட்டுச் சொன்னார்: "இம்மாம் பெரிய ஏரி எதிர்லயே கீது. வந்ததுலேர்ந்து படகு அதத்தான் பாத்துக்கினு கீது. தனியா வேற காட்டணுமா?"

சிரித்தோம். நானும் சிரித்தேன்.

"நாலு இருபத்திரண்டு ஆச்சு. நாலரைக்குள்ள சத்தம் வந்துடணும்" என்றார் ஐயர். தண்ணீரில் இறக்க நேரமில்லை. மாமா டிரெய்லர் மேலேயே படகில் ஏறிச் சாவியைத் திருப்பினார். இரண்டாவது திருப்பில் எஞ்சின் பிடித்தது. ஏரிக்கரைக் கொக்குகள் ஒன்று விடாமல் எழுந்தன. டிராக்டர்காரர் காதைப் பொத்திக்கொண்டு, "பாவா, சாலு! சாலு!" என்று கத்தினார். அவர் போதும் என்றதற்கு மாமா விடவில்லை. அக்காவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே முறுக்கினார். இரண்டு நிமிடம், மிஞ்சினால் மூன்று. ரப்பர் தீய்கிற மாதிரி ஒரு வாசனை வந்தது. கற்பூரமோ, டிராக்டர் டயரோ என்று நினைத்தேன். நோட்டில் வாசனையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பிறகு நிதானமாக டிரெய்லரைக் கையால் தள்ளிக்கொண்டுபோய்ப் படகைத் தண்ணீரில் இறக்கினோம். அக்காவும் ஏறப் பார்த்தாள். வேண்டாமென்று தடுத்துவிட்டு நான் ஏறினேன். தக்கையை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன். கயிற்றை மாமாவின் மணிக்கட்டில் நானே மாட்டினேன். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. நடு ஏரி வந்தபோது பலகைக்கு அடியிலிருந்து பீப்பீ என்று விடாமல் ஒரு சத்தம்.

"மாமா, இன்னாவோ கத்துது!"

"ஸ்பீடு மச்சான், ஸ்பீடு! குவைத் கார்ல நூத்திருபது தாண்டினா இப்டித்தான் கத்தும்! பயந்து சாவாத!"

ஒன்பது வருடம் அரபிக் கார் ஓட்டின மனுஷன் சொல்கிறார். எட்டாம் வகுப்பு நான் என்ன சொல்ல? அந்தச் சத்தத்தோடு இன்னும் ஒரு பெரிய சுற்று அடித்தார். கரையில் அக்கா முந்தானையை ஆட்டியது தெரிந்தது.

அப்புறம் உள்ளே யாரோ சம்மட்டியால் ஒரே அடி அடித்த மாதிரி 'டக்'. நின்றுவிட்டது. என் தாடை முன்சீட்டில் மோதியது. திரும்புவதற்குள் எங்கள் அலையே பின்னால் ஏறி முழங்கால் வரை தண்ணீர். மாமா சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். எஞ்சின் மேலிருந்த சாமந்தி மாலை வெந்து கருத்து, ஆவி பறந்தது. மீன்குத்தகைக்காரர் பரிசலில் வந்து கயிறு போட்டு எங்களைக் கரைக்கு இழுத்தார்.

மூன்றாம் நாள் காசிமேட்டு மெக்கானிக் வந்தார். எஞ்சினின் அடிப்பாகத்தைக் கழற்றி, மெதுவடை அளவில் ஒரு ரப்பர் சக்கரத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதில் ஆறு இறக்கை இருக்க வேண்டுமாம். ஒன்றுகூட இல்லை. அதுதான் ஏரித் தண்ணீரை இழுத்து எஞ்சினைக் குளிர வைக்கும் பம்பு. விலை முந்நூறு ரூபாய்.

"தண்ணி காட்டச் சொன்னனே நைனா?"

"காட்டினோமே."

"எதுல காட்டின?"

"சொம்புல."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்தார். "ரெண்டு பக்கமும் காது மாதிரி ஓட்டை கீது பாரு. அதுல கப்பு மாட்டி, ஓஸ் பைப்பு சொருகி, கொழாயத் தொறந்து வுட்டுட்டு அப்பால சாவி போடணும். பின்னாடி எஞ்சின் ஒண்ணுக்குப் போறாப்ல தண்ணி பீச்சணும். பீச்சலயா, உடனே ஆப். தரையில தண்ணி இல்லாம அர நிமிசம் தாங்காது. பீப்பீன்னு கத்துச்சே, அது சூடு தாங்காம கத்தினது."

தண்ணீர் இல்லாமல் ஓட்டி எரிந்துபோன மோட்டார்களால் சாப்பிடுகிறவன் நான். வருகிற ஒவ்வொரு விவசாயிக்கும், "தண்ணி இல்லாம ஓட்டாதீங்க" என்று சொல்லித்தான் அனுப்புவேன். படகு எஞ்சின் தண்ணீரைத் தள்ளும் என்று தெரியும். குடிக்கும் என்று தோன்றவே இல்லை.

அக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "தெனமும் மாட்டுக்குத் தண்ணி காட்டுறவ நானு. நானே கன்னத்துல போட்டுக்கினு நின்னேனேடா" என்றாள். உள்ளே போய்ப் பெட்டியிலிருந்த வேர்க்கடலையைக் கோணியில் அள்ளிக் கொட்டத் தொடங்கினாள்.

எஞ்சினைத் திரும்ப உருவாக்கத் தொண்ணூற்றாறாயிரம் ஆகும் என்றார் மெக்கானிக். மாமாவிடம் அவ்வளவு இல்லை. விசா சாவதற்கு இரண்டு நாள் முன்னால் விமானம் ஏறினார். பாதி என்னுடையது என்றேன். "வேணாம் மச்சான், முறுக்கினது நானு" என்றார். எழுதினது நான் என்றேன்.

அங்கிருந்து அவர் அனுப்பிய பணத்தில் எஞ்சின் ரிப்பேராகி வந்துவிட்டது. மாமா வரவில்லை, அதற்குள் புது ஒப்பந்தம் போட்டுவிட்டார். படகு என் கடைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. நிற்கிற எஞ்சின் இறுகிப்போகும் என்பதால் மாதம் ஒரு ஞாயிறு அக்கா வருகிறாள். நான் எஞ்சினின் காதில் கப்பை மாட்டுவேன். அவள் குழாயைத் திறப்பாள். பின்னால் தண்ணீர் பீச்சுகிறதா என்று இரண்டு பேரும் குனிந்து பார்ப்போம். போகும்போது என்னால் முடிந்த பணத்தை அவள் கையில் கொடுப்பேன். எண்ணிப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொள்வாள். என் பாதி நாற்பத்தெட்டாயிரம். இதுவரை கொடுத்தது இருபத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. இன்னும் பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் பாக்கி.